வேரோடு இருந்த பல்

ஜபல்பூர்
11.1.1991

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சசிரேகா எழுதுவது.

குளிரைத் தவிர எனக்கு இங்கே வேறு குறையில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நிலா பள்ளிக்கூடம் போக இன்னும் அழுகிறாளா?

டிசம்பரில் நான் போட்ட கடிதத்துக்குப் பதிலே இல்லை. மழையில் தபால் எங்காவது நின்றுவிட்டதோ என்னவோ. பொங்கலுக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நர்மதைக் கரையிலிருந்து கொண்டுவந்த மண் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கோடைக்குள் சலித்து முடிக்க வேண்டும் என்று பேராசிரியர் விரட்டுகிறார்.

அங்கே உனக்கு என்னதான் வேலை என்று அண்ணி கேட்டிருந்தீர்கள். மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் போட்டுக் கழுவி, மிஞ்சுவதைத் துணியில் காயவைத்துப் பொறுக்குவதுதான் வேலை. கல்லோடு கல்லாக எப்போதாவது ஒரு பல் கிடைக்கும். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் திரிந்த டைனோசரின் பல். எலும்பு நொறுங்கிப்போகும், பல் அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்த மிருகங்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பாதி, பல் சொன்னதுதான்.

போன வாரம் எனக்கு ஒன்று கிடைத்தது. சுண்டுவிரல் நீளம். பின்பக்கமாக வளைந்து, கத்தி மாதிரி தட்டையாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் நம் கருக்கரிவாளில் இருப்பது போலவே பொடிப்பொடியாக வெட்டுகள். தழை தின்கிற பெரிய டைனோசருக்குப் பல் பென்சில் போல உருண்டிருக்கும், வெட்டு இருக்காது. முதலைப் பல் கூம்பாக இருக்கும். இது கறியை அறுத்துத் தின்ற ஜாதி. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அண்ணா, உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்னும் பல்லால்தான் ஒயர் உரிக்கிறாயா? கம்பெனியில் கட்டிங் பிளேயர் கொடுத்திருக்கிறார்கள் இல்லையா? மேல்வரிசை முன்பல்லில் ஏற்கெனவே பள்ளம் விழுந்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் நீ பீடி வைக்கலாம் அதில். அண்ணியின் கடிதத்துக்கு அடியில் நீ கிறுக்குகிற இரண்டு வரி இந்தத் தடவை நாலு வரியாக வர வேண்டும்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. நிலாவுக்கு ஒரு முத்தம்.

உங்கள்
சசி


ஒரகடம்
3.2.1991

அன்புள்ள சசிக்கு அண்ணி சந்திரம்மாள் எழுதிக்கொள்வது.

பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுதவும்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. எழுத நேரம் இல்லை. உன் அண்ணனுக்குக் கம்பெனியில் வேலை அதிகம். புது மெஷின் வந்திருக்கிறது, கரண்டு வேலை எல்லாம் அவர் தலையில்தான். அதனால் அவர் எழுதவில்லை. தப்பாக நினைக்காதே.

நிலா இப்போது அழுவதில்லை. அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் சனிக்கிழமை தோறும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

உன் அண்ணன் உனக்குத் தனியாகக் கார்டு ஏதாவது போட்டாரா? போட்டிருந்தால் எந்த ஊர் முத்திரை என்று பார்த்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

நீ எழுதின பல் விஷயத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். ஒரு சந்தேகம். ஒரு பல் கிடைத்தால் அந்த மிருகம் அங்கேயே செத்துப்போனது என்றுதான் அர்த்தமா?

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் வெறுங்காலோடு நிற்காதே.

உன் அண்ணி
சந்திரம்மாள்


ஜபல்பூர்
24.2.1991

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும்தான் சோறு இறங்கியது. இங்கே நான் நலம். சளி இருந்தது, போய்விட்டது. அம்மாவை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பாதீர்கள். அண்ணனை ஒரு சனிக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்வியைப் பேராசிரியரிடம் சொன்னேன். உங்கள் அண்ணியை இங்கே சேர்த்துவிடலாமே என்றார்! அப்படி அர்த்தம் இல்லை அண்ணி. நமக்கு மாதிரி ஒரு தடவையோடு நிற்காது, டைனோசருக்கு ஆயுசு பூராவும் பல் விழுந்து விழுந்து முளைக்கும். அப்படித் தானாக விழுந்த பல்லுக்கு வேர் இருக்காது. அடிப்பக்கம் கரைந்து குழிவாக இருக்கும். இரையைக் கடிக்கும்போது விழுந்திருக்கும், மிருகம் பாட்டுக்குத் தின்றுவிட்டு நடந்து போயிருக்கும். வேரோடு இருந்தால்தான் செத்ததன் பல். எனக்குக் கிடைத்ததில் வேர் இல்லை. ஆகையால் கவலை வேண்டாம், உங்கள் மிருகம் சாகவில்லை.

எனக்குத்தான் தலைவலி. இங்கே ஊன் தின்கிற பெரிய டைனோசர் ஒன்றா, இரண்டா என்று பல்லை வைத்துச் சொல்ல வேண்டும். சில பல்லில் வெட்டுகள் நெருக்கம், சிலதில் அகலம். இரண்டு ஜாதி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒரே வாயில் முன்பல் ஒரு மாதிரியும் கடைவாய்ப் பல் ஒரு மாதிரியும் இருக்கலாமே. குட்டியின் பல்லும் வளர்ந்ததன் பல்லும் வேறாக இருக்கலாமே. 'சந்தேகம் இருந்தால் பெயர் வைக்காதே' என்பது பேராசிரியரின் சட்டம். என் டப்பாக்கள் முக்கால்வாசியில் 'ஊனுண்ணி, இனம் உறுதியில்லை' என்றுதான் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

அண்ணன் எனக்குக் கார்டு எதுவும் போடவில்லை. முத்திரையை எதற்குக் கேட்டீர்கள்? ஸ்ரீபெரும்புதூர் முத்திரைதானே இருக்கும்? தீபாவளிக்கு நான் வராததில் அவருக்கு இன்னும் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்
சசி


ஒரகடம்
14.4.1991

அன்புள்ள சசிக்கு ஆசிகள்.

இன்றைக்கு வருஷப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி மட்டும் செய்தேன். நிலாவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை.

உன் அண்ணனுக்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயம். நீ அதை மனசில் வைத்துக்கொண்டு வருத்தப்படாதே.

இந்த வருஷம் வெயில் அதிகம். ஏரியில் தண்ணீர் உள்வாங்கிவிட்டது. நீ படிப்பைக் கவனி. மற்றதை வரும்போது பேசிக்கொள்ளலாம்.

உன் அண்ணி
சந்திரம்மாள்


ஜபல்பூர்
24.5.1991

அண்ணிக்கு,

பேப்பரில் ஸ்ரீபெரும்புதூர் என்று பெரிய எழுத்தில் பார்த்ததிலிருந்து கைகால் ஓடவில்லை. இங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உன் ஊர்தானே, உன் ஊர்தானே என்கிறார்கள். அண்ணனுக்குக் கூட்டம் என்றால் கால் நிற்காது. ஷிஃப்ட் முடிந்து அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனாரா? செத்தவர்களில் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள் என்று போட்டிருக்கிறான். பெயர் முழுதாகப் போடவில்லை.

கம்பெனிக்கு ட்ரங்க்கால் போட்டுப் பார்த்தேன். லைனே கிடைக்கவில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். தந்தி கொடுத்தாலும் சரி. எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

சசி


ஒரகடம்
16.6.1991

அன்புள்ள சசிக்கு அண்ணி எழுதுவது.

அத்தையும் நிலாவும் நானும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம்.

நீ பயந்த மாதிரி உன் அண்ணன் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவர் டிசம்பரிலிருந்தே வீட்டில் இல்லை.

இதை முன்னாடியே எழுதியிருக்க வேண்டும். அத்தை விடவில்லை. “எம் புள்ள வந்துடுவான். அதுக்குள்ள யாருக்கும் சொல்லாத. சசிக்குத் தெரிஞ்சா படிப்ப வுட்டுட்டு ஓடியாந்துடுவா” என்றார். நானும் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று இருந்துவிட்டேன். உனக்குப் பொய் எழுதும்போதெல்லாம் அவர் நிஜமாகவே கம்பெனிக்குப் போயிருப்பதாக எனக்கே ஒரு நிமிஷம் தோன்றும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்.

நடந்தது இதுதான். மழை விடாமல் பெய்த வாரம். சைக்கிள் பஞ்சர் கடையில் கிடந்தது, பஸ்ஸில் போனார். செகண்ட் ஷிஃப்ட். திரும்பி வரவில்லை. மறுநாள் கம்பெனியில் விசாரித்தால் வேலை முடிந்து நேரத்துக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். கூட வேலை செய்கிற கண்ணப்பன், “நம்ம கோதண்டம் பெங்களூர் பஸ்ஸாண்ட நின்னுகினு இருந்தான், நான் பார்த்தேன்” என்று சொன்னார். அந்த ஒரு சொல் போதும் ஊருக்கு. யாரோ ஒருத்தியோடு பெங்களூருக்குப் போய்விட்டார் என்று தெருக்குழாயில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். என் தம்பி சுப்பராயன் பெங்களூருக்குப் போய் ஒரு வாரம் தேடினான். போலீசில் சொல்லலாம் என்றேன். மானம் போய்விடும் என்று அத்தை காலைப் பிடித்துக்கொண்டார்.

குண்டு வெடித்ததற்குப் பிறகு இங்கே வீடு வீடாக வந்து யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். வாசலில் நின்று, “வூட்ல ஆம்பள யாரு?” என்று கேட்டார்கள்.

“எம் புள்ள. வேலைக்குப் போயிருக்கான்” என்றார் அத்தை.

“எப்ப வருவான்?”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் முடியவில்லை. “டிசம்பர்ல போனவரு சார். இன்னும் வரல” என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனேன். அவர்களுக்கு முதலில் சந்தேகம். கம்பெனியில் விசாரித்த பிறகு மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

இப்போது சொல்வதைத் தைரியமாகப் படி. போன வாரம் சூளைக்காரர்கள் ஏரியில் மண் எடுத்தார்கள். மதகுப் பக்கம் இருக்கிற பள்ளத்தில் எலும்பு கிடைத்தது. மனுஷ எலும்பு. காக்கித் துணி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அது எந்தக் கம்பெனிக்காரரும் போடுகிற துணிதான். மண்டையும் தாடையும் இருக்கின்றன. கூப்பிட்டுக் காட்டினார்கள். அத்தை வர மாட்டேன் என்றுவிட்டார். நான் போனேன். பார்த்தேன்.

சசி, நான் பார்த்ததை எழுத மாட்டேன். நீ பல்லைப் பார்த்துச் சொல்கிறவள். அவர் கூடப் பிறந்தவள். பத்து நாள் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ வா.

உன் அண்ணி
சந்திரம்மாள்


ஜபல்பூர்
14.7.1991

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்றுக் காலை பத்திரமாக வந்து சேர்ந்தேன். வண்டியில் இடம் கிடைத்தது. நீங்கள் கட்டிக்கொடுத்த புளிசாதம் இரண்டு வேளைக்கு வந்தது. அம்மா தூங்குகிறாரா? நிலாவின் இருமலுக்கு மருந்து வாங்கினீர்களா?

வண்டியில் முழுக்க அந்த ஆஸ்பத்திரி அறைதான் கண்ணில் நின்றது. தாடையை எனாமல் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். “பாப்பா, நிதானமா பாரு. அவசரமில்ல” என்றார். நான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். நீங்கள் கதவோரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

மேல்வரிசை முன்பல்லில் பள்ளம் இருந்தது உண்மை. கம்பியை வைத்து இழுத்து இழுத்துத் தேய்ந்த பள்ளம். ஆனால் ஒயர் வேலை செய்கிற எவருக்கும் அது விழும். இந்தப் பக்கம் கம்பெனிகளில் எத்தனை எலெக்ட்ரீசியன்கள் இருப்பார்கள்? லாரி மெக்கானிக், மைக் செட்காரர் யாராகவும் இருக்கலாம். அண்ணன் ஒரு தடவையாவது பல் டாக்டரிடம் போயிருந்தால் ஒத்துப்பார்க்க ஏதாவது இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லாமல் நான் எப்படிச் சொல்ல முடியும்?

“உறுதியாகச் சொல்ல முடியாது” என்று நான் சொன்னதும் சப் இன்ஸ்பெக்டர், “அப்படின்னா ஆமாவா, இல்லியாம்மா?” என்று கேட்டார். “முடியாது சார்” என்றேன். நான் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். எங்கள் வேலையில் இதுதான் நேர்மை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இல்லன்னு சொல்ட்டியா? எனக்குத் தெரியும்டி” என்று அழுதார். அப்படி நான் சொல்லவில்லை என்று திருத்தவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டீர்கள்.

பதில் போடுங்கள் அண்ணி.

சசி


ஜபல்பூர்
25.8.1991

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஏதாவதா? நிலாவுக்கா? இங்கே மழை. மண் மூட்டையெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வேலை ஓடவில்லை. ஒரு கார்டில் நலம் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

சசி


ஒரகடம்
22.9.1991

சசிக்கு சந்திரம்மாள் எழுதுவது.

உயிரோடு இருக்கிறோம். கேட்டிருந்தாய், அதற்காக எழுதுகிறேன்.

அந்த உடம்பைக் கேட்டு யாரும் வரவில்லை என்று ஆகஸ்ட் மாதம் அவர்களே புதைத்துவிட்டார்கள். ஆள் தெரியாத உடம்பைப் புதைக்கிற இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. யார் என்று சொல்லிக்கொண்டு போவது?

அத்தை ரொம்பத் தெம்பாக இருக்கிறார். என் பெண்ணே பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டாள், என் பிள்ளை எங்கேயோ இருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்கிறார். பிள்ளை உயிரோடு இருந்துகொண்டே வீட்டுக்கு வரவில்லை என்றால் அதற்குக் காரணம் யார்? நான்தானே. போன வாரம் முகத்துக்கு நேராகவே கேட்டார். “இன்னா செஞ்ச நீ அவனை? வூட்டுக்கு வரக்கூட மனசு வராம அடிச்சிட்டியே.” என் கையால் காபி குடிப்பதில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிக் குடிக்கிறார்.

நான் பொட்டு வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால் ஒரு பேச்சு. வைக்காமல் போனால் ஒரு பேச்சு. நிலாவிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, “உங்கப்பா வேற வூடு கட்டிக்கினாராமே” என்று கேட்டிருக்கிறாள். குழந்தை வந்து என்னைக் கேட்டாள், அந்த வீட்டில் ஊஞ்சல் இருக்குமா என்று.

நீ பெரிய படிப்பு படித்தவள். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தின பல்லைப் பார்த்து, இது கறி தின்றது, இது தழை தின்றது, இது செத்தது, இது சாகவில்லை என்று எனக்கு எழுதினாய். கூடப் பிறந்தவர் பல்லைச் சொல்ல முடியவில்லை உனக்கு. உன்னைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் பதினோரு வருஷம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோறு போட்டவள். நான் சொன்னால் எடுபடாது. பெண்டாட்டி பழியிலிருந்து தப்பிக்கச் சொல்கிறாள் என்பார்கள். அதனால்தான் உன்னை வரச் சொன்னேன். வந்தாய், போனாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சந்திரம்மாள்


ஜபல்பூர்
13.10.1991

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

லென்ஸை எடுப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டின் மேலிருந்த துணியை சப் இன்ஸ்பெக்டர் விலக்கியதும் தெரிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தால் மட்டும் இல்லை. அண்ணனுக்கு இடது பக்கக் கோரைப்பல் கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எனக்கும் அங்கேதான், அதே மாதிரி. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. நான் லென்ஸை எடுத்தது பார்ப்பதற்காக இல்லை. கண்ணுக்கு முன்னால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பல் எல்லாம் வேரோடு தாடையில் இருந்தன அண்ணி. இதைத்தான் பிப்ரவரியில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நான் விளையாட்டாகப் பதில் எழுதினேன்.

அந்த அறையில் என் வாயிலிருந்து ஆமாம் என்று வந்தால் அண்ணன் அந்த இடத்தில் செத்துவிடுவார் என்று தோன்றியது. அதுவரைக்கும் சாகவில்லை என்பது போல. என்னைக் காலேஜில் சேர்க்கக் கூட்டிப்போனவர், ஹாஸ்டல் ரூமில் பியூஸ் போயிருந்ததைப் பார்த்து அங்கேயே ஒயரைப் பல்லில் கடித்து உரித்து மாட்டிவிட்டு, “இருட்ல உக்காந்து படிக்காத” என்று சொல்லிவிட்டுப் போனவர். அவரைப் பற்றி நான் போலீஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா? நான் தினமும் சீட்டில் எழுதுகிற வார்த்தை வாயில் தயாராக இருந்தது. உறுதியில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நேர்மை என்று உங்களுக்கு எழுதினேன். அது பயம்.

என் ஒரு சொல்லுக்கு உங்கள் தலையில் இவ்வளவு விழும் என்று யோசிக்கவே இல்லை. கதவோரத்தில் நின்றீர்களே, என் வாயையே பார்த்துக்கொண்டு. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சப் இன்ஸ்பெக்டருக்கு எல்லாவற்றையும் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். அம்மா அடித்தால் என்னை அடிக்கட்டும்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதை நேரில்தான் கேட்க வேண்டும்.

சசி


ஒரகடம்
29.12.1991

அன்புள்ள சசிக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

நீ போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. நிலா உன் ரிப்பனைத்தான் தினமும் கட்டிக்கொள்கிறாள். அத்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். இந்தப் பொங்கல் நமக்கு இல்லை. வாசலில் கோலமும் போடவில்லை.

நீ அத்தையிடம் சொன்ன அன்றைக்கு நான் நிலாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது உன் கன்னம் சிவந்திருந்தது. நீ ரயிலேறிய பிறகு இரண்டு நாள் அத்தை சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தார். மூன்றாம் நாள் எழுந்து வந்து, “காபி இருந்தா குடு” என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே, “எத்தினி மாசமா உனக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

“ஜூன்ல பாத்தேன் அத்தை. அப்பவே.”

“ஒத்தையா வச்சிகினு இருந்தியா?”

டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

சாயந்திரம் அவரே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் போனேன். அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி, “எம் புள்ள ஏரியில பூட்டான். ஏரி ரொம்பி கலங்கல்ல தண்ணி போச்சே, அப்ப கரை மேல நடந்து வந்து வுழுந்திருக்கான். வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தான். இனிமே எம் மருமவள எவளாவது ஒரு வார்த்தை பேசினா நாக்கை இழுத்து அறுத்துடுவேன்” என்று கத்தினார். அங்கேயே குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் பிடித்து எடுத்து வந்தேன்.

சடங்கு செய்ய உறவுக்காரப் பெண்கள் வந்தார்கள். அத்தை யாரையும் என்னைத் தொட விடவில்லை. தாலியை நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் காகிதம் எல்லாம் முடித்துக் கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்தும் இரண்டு பேர் வந்து போனார்கள். கண்ணப்பன் வந்து வாசலிலேயே நின்றார். “நான் பார்த்தது கோதண்டம்தான்னு நெனச்சேன் அண்ணி. மழை, இருட்டு” என்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை புதைத்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அத்தை தூக்குச் சட்டியில் பால் எடுத்துக்கொண்டார். அங்கே குழி வெட்டுகிறவர் பெயர் நாகப்பன். வயசானவர். எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டார். அங்கே மூன்று மண் மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேல் எல்லாம் புல் முளைத்திருந்தது.

“இதுல எதுப்பா?” என்று அத்தை கேட்டார்.

“நம்பர் எழுதி கம்பு நட்டுதாம்மா வச்சேன். நவம்பர் மழைல எல்லாம் அடிச்சினு பூட்ச்சி. மூணும் இந்த வருசத்துதுதான். இதுதான்னு கை வச்சி சத்தியம் பண்ண என்னால முடியாது தாயி” என்றார். அவர் கண் கலங்கிப்போயிருந்தது.

கூட வந்த ஏட்டு, கோர்ட்டில் மனு போட்டால் தோண்டிப் பார்க்கலாம், உங்கள் வீட்டுப் பெண்ணையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். “வேணாம். தண்ணில ஒரு தபா கெடந்தான். தோண்டி எடுத்தாங்க. தட்டுல வச்சாங்க. போதும். இனிமே அவனை யாரும் தொட வேணாம்” என்றார்.

பிறகு தூக்கைத் திறந்தார். எதில் ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை யோசிக்கவே இல்லை. முதல் மேட்டில் ஊற்றினார். நகர்ந்து போய் அடுத்ததில் ஊற்றினார். நாகப்பன், “யாரு வூட்டுப் புள்ளையோம்மா” என்றார். “எவளோ ஒருத்தி பெத்ததுதானே” என்றார் அத்தை.

மூன்றாவது மேடு சின்னது சசி. என் கைக்கு இரண்டு முழம்கூட இருக்காது. அது உன் அண்ணனாக இருக்கவே முடியாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அத்தை அதன் பக்கத்தில் முட்டிவலியோடு மெதுவாக உட்கார்ந்தார். புல்லைக் கையால் விலக்கிவிட்டு, தூக்கில் மிச்சம் இருந்த பால் முழுவதையும் அதற்கு ஊற்றினார்.

உன் அண்ணி
சந்திரம்மாள்